குட்டி யானை வாங்க நிலத்தை அடமானம் வைக்கலாமா?

வீடு மாற்றித் தரும் தொழில்: வரவு, செலவு, எச்சரிக்கை

மணப்பாறைப் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்:

‘‘எனக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. கடலை, சோளம், துவரை போடுகிறோம். மகன் டிகிரி முடித்து மூன்று வருடமாகிறது. டிரைவிங் லைசென்ஸ் வைத்திருக்கிறான். குட்டி யானை ஒன்று வாங்கி, வீடு காலி செய்பவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கிக் கொடுக்கும் தொழில் செய்யப்போவதாகச் சொல்கிறான். வண்டிக்கு முன்பணம் கட்ட இரண்டு ஏக்கரை அடமானம் வைக்கச் சொல்கிறான். வைக்கலாமா? இது விவசாயக் கேள்வி இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.’’

ஒதுக்கவில்லை. நிலம் கையில் இருக்குமா, போகுமா என்பதைவிடப் பெரிய விவசாயக் கேள்வி வேறென்ன இருக்கிறது? இதே கேள்வியை கிராமக் கூட்டங்களில் வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்தே எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழில் நல்ல தொழில். வண்டிக்கு அவசரமில்லை. நிலத்தை வைக்க வேண்டாம். ஏன் என்று கணக்கோடு பார்ப்போம்.

மானாவாரிக்காரருக்கு ஏன் பொருந்தும்?

மானாவாரியில் ஆடியில் தொடங்கும் வேலை தை, மாசியோடு முடிகிறது. பங்குனி, சித்திரை, வைகாசியில் கோடை உழவைத் தவிர நிலத்தில் பெரிய வேலை கிடையாது. வீடு மாறுகிறவர்கள் அதிகமாக மாறுவது அந்த மாதங்களில்தான். பள்ளிக்கூடம் ஏப்ரலில் முடிந்து ஜூனில் திறக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்ற வேண்டியவர்களும், இடமாறுதல் வந்த ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், அரசு ஊழியர்களும் அந்த இடைவெளியில்தான் சாமானைக் கட்டுகிறார்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் நம் மக்கள் வீடு மாற மாட்டார்கள். சிலர் ஆனியையும் புரட்டாசியையும்கூடத் தவிர்ப்பார்கள். ஆனால், ஆடியில்தான் விதையும் உரமும் கிராமத்துக்கு வருகின்றன. கார்த்திகையில் கடலை மூட்டை கமிட்டிக்குப் போகிறது. மார்கழிக் கடைசியில் பொங்கல் கரும்பு, மஞ்சள் கொத்து, பானை எல்லாம் சந்தைக்குப் போக வேண்டும். ஒன்று ஓயும்போது இன்னொன்று தொடங்குகிறது. ஊடுபயிர் போட்டுப் பழகிய நமக்கு இது புதிய பாடமல்ல.

மணப்பாறை வாசகருக்கு இடமும் வாய்ப்பாக இருக்கிறது. ஒரு பக்கம் மொண்டிப்பட்டி காகித ஆலை. இன்னொரு பக்கம் திருச்சியில் பொன்மலை ரயில்வே பணிமனையும், திருவெறும்பூர் பெல் நிறுவனமும். சம்பளக்காரர்கள் இருக்கும் இடத்தில் வாடகை வீடுகள் இருக்கும். வாடகை வீடு இருந்தால் வீடு மாற்றமும் இருக்கும். மாதக் கடைசி நான்கு நாளும், மாத முதல் ஐந்து நாளும்தான் இந்தத் தொழிலின் அறுவடைக் காலம்.

வண்டி இல்லாமல் ஒரு கணக்கு, வண்டியோடு ஒரு கணக்கு

கீழே நான் போடும் தொகைகள் கணக்கு முறைக்காக மட்டும்தான். உங்கள் ஊர் நிலவரத்தை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சிறிய வீட்டை நகருக்குள் மாற்றிக் கொடுக்க 5,000 ரூபாய் பேசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

*வாடகை வண்டி என்றால்:* டிரைவரோடு வண்டி வாடகை 1,600. லோடுமேன் இரண்டு பேருக்கு 1,600. கயிறு, சாக்கு, டீ, சாப்பாடு 300. ஆகச் செலவு 3,500. மிச்சம் 1,500 ரூபாய். இது மகனுடைய கூலியும் லாபமும் சேர்ந்தது.

*சொந்த வண்டி என்றால்:* டீசல் 400. லோடுமேன் 1,600. மற்றவை 300. ஆகச் செலவு 2,300. மிச்சம் 2,700 ரூபாய்.

சொந்த வண்டியில் ஒரு நடைக்கு 1,200 ரூபாய் கூடுதலாக நிற்கிறது. எல்லோரும் இந்த இடத்தில்தான் மயங்கிவிடுகிறார்கள். அடுத்த கணக்கையும் பாருங்கள்.

வண்டி 6 லட்சம், முன்பணம் 1.5 லட்சம், கடன் 4.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 12 சதவிகித வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 10,000 ரூபாய். இன்ஷூரன்ஸுக்கு மாதத்துக்கு 2,500 எடுத்து வைக்க வேண்டும். டயர், ஆயில், சர்வீஸுக்கு 3,000. எஃப்.சி., வரி போன்றவற்றுக்கு 500. மொத்தம் 16,000 ரூபாய். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் பிறந்தால் இந்தப் பணம் எடுத்து வைத்தாக வேண்டும்.

16,000-த்தை 1,200-ஆல் வகுத்துப் பாருங்கள். 13-க்கு மேல் வருகிறது. அதாவது, மாதம் 14 நடைக்குக் குறைந்தால் வாடகை வண்டிதான் லாபம். 14 நடையைத் தாண்டினால்தான் சொந்த வண்டி லாபம். அதுவும் வைகாசி மாதக் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஆடியையும் மார்கழியையும் சேர்த்து வருடத்துக்கு 168 நடை வர வேண்டும். வீட்டுச் சாமான் நடையோடு உர நடை, கடலை நடையையும் சேர்த்துக்கொள்ளலாம், தப்பில்லை.

கறவை மாட்டைப் பற்றி நமக்குத் தெரியும். பால் வற்றினாலும் தீவனம் போட வேண்டும். வண்டியும் அப்படித்தான். ஆனால் வற்றிய மாடு சினை பிடித்து, கன்று ஈன்று, மறுபடி கறக்கும். நிற்கிற வண்டிக்கு நாளுக்கு நாள் விலைதான் குறையும்.

நான் பார்த்த இரண்டு பேர்

நான் வேலை பார்த்த ஒரு வட்டாரத்தில், கடலை விவசாயி ஒருவர் ஒன்றரை ஏக்கரை வைத்து மகனுக்கு வண்டி வாங்கிக் கொடுத்தார். முதல் மூன்று மாதம் நன்றாக ஓடியது. ஆடி வந்ததும் ஓட்டம் நின்றது. தவணை தட்டியது. தவணைக்காகக் கைமாற்று வாங்கினார்கள். கைமாற்றை அடைக்க விதைக்கடலையை விற்றார்கள். இரண்டாம் வருடம் வண்டியை நிதி நிறுவனம் எடுத்துக்கொண்டது. அடமானத்தை மீட்கப் பணமில்லாமல் நிலமும் கைவிட்டுப் போனது. அந்தப் பையன் சோம்பேறி இல்லை. மூன்று மாத ஓட்டத்தைப் பன்னிரண்டு மாதத்துக்கும் நம்பியதுதான் தவறு.

இன்னொருவரை ஒரு வாடிக்கையாளராகத்தான் எனக்குத் தெரியும். இடமாறுதலில் நானே ஒன்பது முறை வீடு மாறியவன். ஒரு முறை, கட்டிலும் பீரோவும் வண்டியில் ஏறிய பிறகு ‘மாடிக்குத் தனி, பிரிட்ஜுக்குத் தனி’ என்று நின்றுவிட்டார்கள். பாதிச் சாமான் தெருவில் கிடந்தது. வேறு வழியில்லாமல் கேட்டதைக் கொடுத்தேன். அடுத்த முறை, எங்கள் வட்டாரத்து விவசாயி ஒருவரின் மகனைக் கூப்பிட்டேன். முந்தைய நாள் சாயங்காலமே வீட்டுக்கு வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சாமான்களை எழுதினார். ‘‘சார், போகிற வீடு எத்தனையாவது மாடி, தெருவில் வண்டி நுழையுமா?’’ என்று கேட்டார். ஒரு தொகை சொன்னார். மறுநாள் அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. அவரிடம் சொந்த வண்டி இல்லை என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருடைய நம்பரை இதுவரை ஆறு அலுவலர்களுக்குக் கொடுத்திருக்கிறேன்.

வீடு மாறுகிறவர் யாருடைய வண்டி என்று பார்ப்பதில்லை. சொன்ன சொல் நிற்குமா, சாமான் உடையாமல் வருமா என்றுதான் பார்க்கிறார்.

பேச்சு ஒன்று, சீட்டு ஒன்று

போனில் விலை சொல்லாதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள். அரைப் பக்கச் சீட்டு ஒன்று எழுதி, இருவரும் ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்க வேண்டியவை: எங்கிருந்து எங்கே, எத்தனையாவது மாடி, என்னென்ன சாமான், தேதி, நேரம், மொத்தத் தொகை, முன்பணம், கழற்றி மாட்டும் வேலை யாருடையது, உடைந்தால் என்ன செய்வது. ஏற்கெனவே விரிசல் விட்ட கண்ணாடி, கால் உடைந்த மேசை இருந்தால் அதையும் முன்கூட்டியே எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நகை, பணம், பத்திரம், சான்றிதழ் எதையும் வண்டியில் ஏற்ற வேண்டாம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ‘‘பீரோவைக் காலி செய்துவிட்டுச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’’ என்று சொல்லுங்கள். இப்படிச் சொல்கிறவரை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

நேரம் பேசும்போது நல்ல நேரத்தையும் கேளுங்கள். அஷ்டமி, நவமி, செவ்வாய், சனி பார்ப்பவர்கள் உண்டு. விடிகாலையில் பால் காய்ச்ச வேண்டும் என்றால் அடுப்பு, பால் பாத்திரம், குத்துவிளக்கு, சுவாமி படம், உப்பு, மஞ்சள் எல்லாம் முதலில் இறங்க வேண்டும். முதலில் இறங்க வேண்டியது கடைசியாக ஏற வேண்டும். இதை மறந்துவிட்டு, பூஜைப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் புதைத்தால், அந்த வீட்டம்மா உங்களை இன்னொருவரிடம் சொல்ல மாட்டார்.

ஏற்றும் முறை

வைக்கோல் பாரம் கட்டத் தெரிந்தவருக்குச் சாமான் கட்டுவது கஷ்டமில்லை. ஆனால் சில புதிய விஷயங்கள் உண்டு.

குட்டி யானையின் தொட்டி சுமார் 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். தாங்கும் பாரம் சுமார் முக்கால் டன். இரண்டு படுக்கையறை வீடு என்றால் இரண்டு நடை ஆகலாம். அதைப் பார்த்துத்தான் விலை பேச வேண்டும்.

பீரோ, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் போன்ற கனமானவை டிரைவர் கேபினை ஒட்டி ஏற வேண்டும். மெத்தையை இடையில் கொடுத்தால் கீறல் விழாது. கண்ணாடி பீரோவின் கண்ணாடிப் பக்கம் மெத்தையைப் பார்த்து இருக்கட்டும்.

பிரிட்ஜை முந்தைய நாளே அணைத்து, ஐஸ் கரைந்து வடிந்த பிறகு ஏற்ற வேண்டும். நிமிர்த்திதான் வைக்க வேண்டும். சாய்ந்துவிட்டால் புது வீட்டில் நிமிர்த்தி வைத்து, சில மணி நேரம் கழித்துத்தான் சுவிட்ச் போட வேண்டும். முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷினுக்கு, வாங்கும்போது கொடுத்த போல்ட்டுகள் இருந்தால் பின்னால் மாட்டி டிரம்மை இறுக்கிக்கொள்ள வேண்டும். டி.வி.யைப் படுக்க வைக்கக் கூடாது.

கேஸ் சிலிண்டரில் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, நிமிர்த்தி நிற்க வைத்துக் கட்டுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் கேனைச் சாமான்களோடு ஏற்றவே வேண்டாம்.

மழைக்காலத்தில் தார்ப்பாய் கட்டாயம். நெல், கடலை காயப்போடும் தார்ப்பாய் இருந்தால் போதும், ஆனால் கிழிசல் இருக்கக் கூடாது.

உரம் ஏற்றிய வண்டியில் அரிசி மூட்டையா?

வேளாண் துறைக்காரன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலையில் உரமும் பூச்சிமருந்தும் ஏற்றிய வண்டியில் மாலையில் ஒரு குடும்பத்தின் அரிசி, பருப்பு, குழந்தைகளின் துணி, பாத்திரம் ஏறப் போகிறது. தொட்டியைக் கூட்டித் தள்ளினால் மட்டும் போதாது. சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, காய வைத்து, சுத்தமான தார்ப்பாய் விரித்த பிறகே வீட்டுச் சாமானை ஏற்ற வேண்டும். யூரியா, பொட்டாஷ் துகள் தங்கினால் தொட்டித் தகடும் துருப்பிடிக்கும். கழுவுவது வண்டிக்கும் நல்லது.

பூச்சிமருந்தையும் உணவுப் பொருளையும் தீவனத்தையும் ஒரே நடையில் ஏற்றாதீர்கள். உணவுப் பொருளோடு படும்படி பூச்சிமருந்தைக் கொண்டுபோகக் கூடாது என்று பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. உர மூட்டைச் சாக்கில் பாத்திரம் கட்டிக் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள். புதுச் சாக்கு, பழைய போர்வை, அட்டைப் பெட்டி போதும்.

காகிதமும் காப்பீடும்

வாடகைக்கு ஓடும் வண்டி, மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தோடு சரக்கு வாகனமாகப் பதிவாகியிருக்க வேண்டும். ‘நம்மிடம் டிராக்டர் இருக்கிறதே, டிரெய்லரில் ஏற்றிவிடலாம்’ என்று நினைக்காதீர்கள். விவசாயப் பயன்பாட்டுக்கென்று பதிவும் காப்பீடும் செய்த டிராக்டரை வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்தால், இழப்பீடு உங்கள் தலையில் விழும். அந்தத் தொகை உங்கள் நிலத்தின் விலையைத் தாண்டவும் கூடும்.

சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. எஃப்.சி. அவசியம். புது வண்டிக்கு முதல் இரண்டு வருடம், பிறகு எட்டு வருடம் ஆகும்வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். இலகுரக வாகன லைசென்ஸ் இருந்தாலே 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்திருக்கிறது. ஆகவே, மகனிடம் இருக்கும் லைசென்ஸ் இந்த வகை என்றால் அது போதும்.

சாமான் மேல் ஆட்களை உட்கார வைத்து ஓட்டாதீர்கள். வீட்டுக்காரர் ‘குடும்பத்தோடு பின்னாடியே ஏறிக்கொள்கிறோம்’ என்பார். மறுத்துவிடுங்கள். உயிருக்கும் ஆபத்து, காப்பீடும் கிடைக்காது. லோடுமேன்களுக்கும் சேர்த்து பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். அத்துடன், வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். உங்களோடு வருகிற ஆட்களைத் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்கள் நல வாரியத்திலும் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

தொழிலை உத்யம் இணையதளத்தில் ஆதார், பான் எண் கொடுத்துப் பதிவு செய்யலாம். கட்டணம் எதுவும் கிடையாது. பணம் கேட்டால் அது போலித் தளம். பழைய வண்டி வாங்கினால் ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் நீங்கியிருக்கிறதா, அபராத பாக்கி இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

கடன் வாங்கும் நாள் வந்தால்

வண்டிக் கடனுக்கு வண்டியே ஈடு. நிலம் தேவையில்லை. முத்ரா திட்டத்தில் 5 லட்சம் வரை ‘கிஷோர்’, அதற்கு மேல் 10 லட்சம் வரை ‘தருண்’ என்ற பிரிவுகளில் ஈடு இல்லாமல் கடன் உண்டு. மானியத் திட்டங்கள் எவற்றில் சரக்கு வாகனம் சேர்கிறது என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள். புரோக்கர் வேண்டாம். பயிர்க்கடனை எடுத்து வண்டிக்குப் போடுவது மட்டும் கூடவே கூடாது. ஆடியில் விதைக்கும் உரத்துக்கும் கை ஏந்த வேண்டிவரும்.

மணப்பாறை வாசகருக்கு

ஐயா, உங்கள் மகனிடம் இப்படிச் சொல்லுங்கள். இப்போது பங்குனி. சித்திரையும் வைகாசியும் வீடு மாறும் காலம். வாடகை வண்டிக்காரர் ஒருவரோடும், நம்பிக்கையான லோடுமேன் இரண்டு பேரோடும் பேசி வைக்கட்டும். வீட்டு புரோக்கர்கள், பள்ளிக்கூடங்கள், வங்கிக் கிளைகள், ஆலைத் தொழிலாளர்கள் எல்லோரிடமும் தன் நம்பரைக் கொடுக்கட்டும். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒவ்வொரு நடையையும் எழுதட்டும். தேதி, இடம், வரவு, செலவு, மிச்சம், யார் சொல்லி வந்த வேலை என்ற ஆறு விவரமும் இருந்தால் போதும்.

நான் போட்ட கணக்கின்படி, வாடகை வண்டியில் ஒரு நடைக்கு 1,500 ரூபாய் மிச்சம். அதில் பாதியைச் சேமித்தால் 200 நடையில் முன்பணம் 1.5 லட்சம் கையில் சேர்ந்துவிடும். 200 நடை சீக்கிரம் முடிந்துவிட்டால் தொழில் இருக்கிறது என்று பொருள். தயங்காமல் வண்டி வாங்கலாம். வருடங்கள் ஆகியும் 200 எட்டவில்லை என்றால், வண்டி வாங்காமல் தப்பித்தீர்கள் என்று பொருள். எப்படிப் பார்த்தாலும் நிலம் உங்களிடம் இருக்கும்.

அடுத்த ஆடியில் நீங்களும் மகனும் உட்கார்ந்து அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள். அதற்குள் இந்தக் கோடையில் பெய்யும் மழையைப் பயன்படுத்தி மூன்று ஏக்கரையும் சரிவுக்குக் குறுக்கே உழுது போட்டுவிடுங்கள். ஆடி விதைப்புக்கு நிலம் தயாராக இருக்கட்டும்.